பழைய வார்

அன்று காலை சென்னிமலை அடுப்படியில் நின்றபடியே கம்மஞ்சோற்றைக் கரைத்துக் குடித்தான். உரித்த சின்ன வெங்காயம் நான்கைக் கடித்துக்கொண்டான். பிறகு சொம்பை நீட்டி, “இன்னுங் கொஞ்சம் மோரு ஊத்து புள்ள, சேலம் போய்ச் சேர்ற வரைக்கும் தாங்கோணுமல்ல” என்றான். மனைவி சாரதாமணி ஊற்றினாள். மீசையில் ஒட்டிய மோரை அவன் புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

அவன் ருசித்துக் குடித்த கடைசி மோர் அதுதான்.

ராசிபுரத்துக்குத் தெற்கே அவர்களுக்குக் கிணற்றுத் தோட்டமும் நான்கு சோடி எருதுகளும் இருந்தன. பதினைந்து வயதிலிருந்து சென்னிமலை மாட்டுச் சந்தைக்குப் போய்வருகிறவன். பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்வான். சுழி பார்ப்பான். நான்கடி நடக்கவிட்டு, எந்தக் குளம்பில் நோவு என்று கண்டுபிடிப்பான். ஆனால் அவன் கார் வாங்கியதில்லை. முப்பத்தெட்டாம் வருஷத்து ஐப்பசியில், ஏற்காட்டுத் தோட்டத் துரை ஒருவருடைய ரேஸ் கார் சேலத்தில் விலைக்கு நிற்கிறது என்று கேள்விப்பட்ட நாள் முதல் அவனுக்குத் தூக்கம் இல்லை. இரண்டே பேர் உட்காரும் சிவப்பு வண்டி. கம்பிச் சக்கரம். தாய்மாமன் லாரியில் ஓட்டப் பழகியிருந்தான். சாரதாமணி நாமக்கல் மிஷன் பள்ளியில் எட்டு வரை படித்தவள், இங்கிலீஷ் காகிதம் வாசிப்பாள். அதனால் அவளையும் கூட்டிக்கொண்டு போனான்.

செவ்வாய்ப்பேட்டைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் வண்டி நின்றது. தரகன் பச்சமுத்து சாம்பிராணி போட்டு வைத்திருந்தான்.

“என்னுங்க, கோயிலாட்டம் பண்ணி வெச்சிருக்கறீங்க?” என்றான் சென்னிமலை.

“ஈ மொய்க்குதுங்க. அதுக்குத்தான்.”

சென்னிமலை வண்டியை வலமாக ஒரு சுற்று வந்தான். சக்கரத்தை உதைத்துப் பார்த்தான். கண்ணாடி விளக்கைத் தட்டினான். குனிந்து அடிவயிற்றைப் பார்த்தான்.

“பல்லப் புடிச்சுப் பாக்கறீங்களா?” என்று தரகன் சிரித்தான்.

“முட்டுமா, ஒதைக்குமா, அதச் சொல்லுங்க முதல்ல.”

“சாதுங்க. தண்ணி காட்டுனா போதும்.”

புதுச் சிவப்புச் சாயம். புதுக் கம்பளம். இருக்கைக்குப் புதுத் தோல். எல்லாமே புதிது, ஒன்றைத் தவிர. எஞ்சின் மூடியின் மேல் குறுக்காக நாலு விரல் அகலத்தில் ஒரு தோல் வார் கட்டியிருந்தது. கறுத்துப் போன பழைய வார். அதில் ஐந்து துளைகள். மூன்றாம் துளையில் கொக்கி மாட்டியிருந்தது.

சாரதாமணி இருக்கை அருகே போய்க் குனிந்தாள். சாம்பிராணிக்கு அடியில் வேறொன்று இருந்தது. பரணில் எலி செத்துக் கிடக்கும்போது அதன்மேல் மல்லிகையைக் கொட்டினால் வரும் வாடை. தோல் தையலின் இடுக்கில் ஒரு மயிர் நீட்டிக்கொண்டிருந்தது. செம்பட்டை நிறம், சுருள். அவள் அதை இழுத்தாள். அது இழுக்க இழுக்க வந்தது. பாதியிலேயே விட்டுவிட்டு விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் சென்னிமலை ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். கல்யாணம் ஆகி ஆறு வருஷத்தில் அவன் முகம் அப்படி மலர்ந்து அவள் கண்டதில்லை.

“என்ன சாரதா, புடிச்சிருக்குதா?”

“புடிச்சிருக்குதுங்க” என்றாள்.

வாய்வரை வந்த வேறொரு பதிலை அவள் விழுங்கினாள். விழுங்கியது இன்னும் தொண்டையிலேயே இருக்கிறது.

காகிதம் எல்லாம் சரியாக இருந்தது. மாட்டுச் சந்தையில் போலவே துண்டுக்குள் விரல் பிடித்து விலை முடிந்தது. அப்போது அவளுக்கு ஒன்று உறைத்தது. மாடு விற்றால் பழைய கயிற்றை விற்கிறவன் அவிழ்த்து வைத்துக்கொள்வான். வாங்குகிறவன் புதுக் கயிறு கொண்டுபோய்க் கட்டி ஓட்டிவருவான். பழைய கயிறு கூட வந்தால் மாடு பழைய வீட்டை மறக்காது என்பார்கள். அவள் அப்பன் ஒரு கன்றுக்குட்டியைக்கூடப் பழைய கயிற்றோடு பிடித்து வந்ததில்லை.

“ஏனுங்க, அந்த வாரு பழசுங்க. அவுத்து இவுங்ககிட்டயே குடுத்துருங்க. நாம புதுசு போட்டுக்கலாம்.”

சென்னிமலை சிரித்தான். “இது மாடா புள்ள? வாரு இல்லீன்னா மூடி பறந்துரும். நல்ல சீமைத் தோலு. இது நம்மூர்ல கெடைக்குமா?”

அவள் தரகனைப் பார்த்தாள். “நீங்களாச்சும் எடுத்துக்கோங்க.”

பச்சமுத்துவின் சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டடி பின்னால் போனான்.

“அதை நான் தொடமாட்டனுங்க அம்மணி” என்றான் மெல்ல.

வழியெல்லாம் சென்னிமலை பாடிக்கொண்டே ஓட்டினான். இருக்கை சூடாக இருந்தது. வெயிலின் சூடு அல்ல. யாரோ இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்து இப்போதுதான் எழுந்து போனது போன்ற சூடு. ராசிபுரம் தாண்டும்போது அவள் முதுகு நனைந்திருந்தது. வீட்டில் சேலையை அவிழ்த்துப் பார்த்தாள். முதுகுப் பக்கம் தட்டு அகலத்துக்கு மஞ்சள் கறை, ஆட்டுக் கொழுப்பைத் தேய்த்தது போல. சீயக்காய் போட்டாள், உவர்மண் போட்டாள். கறை போகவில்லை. கல்லில் அடிக்க அடிக்க வாடைதான் எழுந்தது.

வண்டியை மாட்டுக் கொட்டகையின் ஒரு பக்கம் நிறுத்தினார்கள். எருதுகள் அன்று உள்ளே வர மறுத்தன. பண்ணையாள் காளியப்பன் அடித்துப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான். பிறகு வண்டியிடம் வந்து வாரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“பழைய கவுறோட புடிச்சாந்துட்டீங்களா பண்ணாடி?”

“நீயுமாடா?” என்றான் சென்னிமலை. “போயிப் புல்லு போடு.”

மறுநாளிலிருந்து சோற்றில் மயிர் வந்தது. செம்பட்டை மயிர். அந்த வீட்டில் யாருக்கும் அந்த நிறம் கிடையாது. அரிசியை மூன்று தரம் களைந்தாள், தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டினாள். அப்படியும் உருண்டைக்கு ஒன்று வந்தது. சாரதாமணி தன் தட்டைத் தள்ளிவைத்தாள். சென்னிமலை அதை வாயிலிருந்து உருவித் தட்டோரத்தில் வைத்துவிட்டு, தின்றுகொண்டே இருந்தான். ருசி கேட்டால், “எல்லாம் ஒண்ணாத்தான் இருக்குது” என்றான்.

வாடை அவனுக்குத் தெரியவில்லை. மதியம் ஆனால் போய் வண்டியில் உட்கார்ந்துகொள்வான். எங்கும் ஓட்டவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பான்.

“ஏனுங்க, ஊட்டுக்குள்ள வந்து படுங்க.”

“இங்கதான் ஒடம்பு ஆறுது புள்ள.”

வெளியே ஐப்பசி மழை. கொட்டகைக்குள் பட்டப்பகலில் அந்தி போல இருட்டு. கூரை ஒழுகும் சத்தத்துக்கு நடுவே இன்னொரு சத்தமும் கேட்டது. சேற்றிலிருந்து காலை உருவும் சத்தம். அவன் உட்கார்ந்த இடத்தில் லேசாக அசைந்தபோதெல்லாம் அது வந்தது.

நான்காம் நாள் அவள் வாரை அவிழ்த்துத் தரையில் எறிந்தாள்.

ஐந்தாம் நாள் காலையில் அது மூடியின் மேல் இருந்தது.

மூன்றாம் துளையில்.

காளியப்பனைக் கேட்டாள். நான் இல்லை என்று தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான். சென்னிமலையைக் கேட்டாள். அவன் கேள்வியே புரியாதவன் போலப் பார்த்தான். அவன் கண்ணின் வெள்ளை, வேகவைத்த முட்டை போல மங்கியிருந்தது.

ஏழாம் நாள் அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து, அவள் சூரிக்கத்தியோடு கொட்டகைக்குப் போனாள். புதுத் தோலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவது என முடிவு செய்திருந்தாள். சாய்மானத்தில் ஒரு முழம் நீளத்துக்குக் கீறினாள்.

புதுத் தோலுக்கு அடியில் பழைய தோல் இருந்தது. அதை உரித்து எடுக்கவே இல்லை, மேலே மூடித் தைத்திருந்தார்கள். அது கறுத்து, ஊறி, கருப்பட்டிப் பாகு போல விரலில் ஒட்டியது. அதற்கும் அடியில் திணித்திருந்த குதிரைமயிர் கட்டி கட்டியாக உறைந்திருந்தது. இடையிடையே புழுக்கூடுகள், உமி போல. கைநிறைய வந்தன. அவற்றுக்கு நடுவில் தேய்ந்த சிப்பி போல ஒன்று கிடந்தது. அதை நகம் என்று அறிந்துகொள்ள அவளுக்குச் சற்று நேரம் ஆனது.

ஒரு உமி அசைந்தது.

அவள் கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. சென்னிமலை ஈரத் துண்டோடு நின்றுகொண்டிருந்தான். அவனுக்குக் கோபம் இல்லை. கத்தியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

“ஏம்புள்ள என்ற முதுகக் கீறுன?” என்று கேட்டான்.

திரும்பிக் காட்டினான்.

தோளுக்குக் கீழே ஒரு முழம் நீளத்துக்குத் தோல் பிளந்திருந்தது. ரத்தம் இல்லை. ஓரங்கள் சாம்பல் நிறத்தில் சுருண்டிருந்தன. உள்ளிருந்து மஞ்சளாக ஏதோ கசிந்துகொண்டிருந்தது. அவள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு, மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துத் துணி சுற்றினாள். அவன் சின்னப் பையன் போலக் கையைத் தூக்கிக் கொடுத்தான். கட்டிய விரல்களில் மூன்று நாள் அந்த வாடை இருந்தது. கணவனைத் தொட அருவருத்தவள் என்று தன்னைத் தானே அன்று முதல் முறையாக நினைத்தாள். பிறகும் எத்தனையோ முறை நினைத்திருக்கிறாள்.

எட்டாம் நாள் விடிந்ததும் வாரைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு, காளியப்பனோடு சேலத்துக்குப் பஸ் ஏறினாள். விற்றவனிடமே பழைய கயிற்றைக் கொடுத்துவிட வேண்டும், வேறு வழி அவளுக்குத் தோன்றவில்லை.

பச்சமுத்து சாக்கைப் பார்த்ததுமே கதவைச் சாத்தப் போனான். காளியப்பன் காலைக் குறுக்கே வைத்தான்.

“சொல்லிப்போடுங்க” என்றாள் சாரதாமணி. “யாரு வண்டி அது?”

தரகன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். போன ஐப்பசியில் மலைப்பாதை வளைவில் வண்டி பள்ளத்தில் இறங்கிவிட்டது. துரை அதற்குள்ளேயே இருந்தார். மழை. யாரும் பார்க்கவில்லை. “எட்டு நாளுங்க. எட்டாம் நாளுதான் எறங்கினோம். இருக்கையோட ஒட்டிப் போயிருந்தாருங்க அம்மணி. இழுத்தா வந்ததை எடுத்தோம். மிச்சத்துக்கு மேல தோலப் போட்டுத் தெச்சுட்டோம்.”

“வாரு?”

“அதக் கையில புடிச்சிருந்தாருங்க. எப்பிடி எட்டிப் புடிச்சாரோ. வெரல ஒண்ணொண்ணாப் பிரிச்சோம்.”

“இந்தாங்க. வெச்சுக்கோங்க. விக்கறவங்க வெச்சுக்கற மொறைதானுங்களே?”

“நான் விக்கறவன் இல்லீங்க” என்று அழுதான் பச்சமுத்து. “தரகன். விக்கறவரு அந்தத் துரைதானுங்களே.”

கதவு சாத்திக்கொண்டது.

அவர்கள் ஊர் திரும்பியபோது மதியம் சாய்ந்திருந்தது. மழை விட்டிருந்தது. தோட்டத்து வாசலிலேயே ஈ இரைச்சல் கேட்டது. காளியப்பன் பெண்டாட்டி ஆராயி களத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள்.

“காத்தால பண்ணாடி மோரு கேட்டாருங்க ஆத்தா. காருல உக்காந்திருந்தாரு. சொம்புல கொண்டாந்து குடுத்தேன். நல்லாத்தான் பேசுனாரு. நீங்க எப்ப வருவீங்கன்னு கேட்டாரு.”

“அப்பறம்?”

“குடிச்சாருங்க. குடிக்கக் குடிக்கப் பொறத்தால ஒழுகுச்சுங்க. வெள்ளையா.”

சாரதாமணி கொட்டகைக்குள் போனாள்.

சென்னிமலை உட்கார்ந்திருந்தான். காலையில் மோர் கேட்டவன். மதியத்தில் அவன் எட்டு நாள் பிணமாக இருந்தான். வயிறு ஊதி, முகம் கறுத்து, அங்கே முகம் என்று சொல்ல மீசை மட்டும்தான் மிச்சம். மீசையில் மோர் காய்ந்து ஒட்டியிருந்தது. வலது கை முன்னால் நீண்டு, எதையோ பற்றியது போல மூடியிருந்தது.

உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் கை.

நான்கு ஆட்கள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு தூக்கினார்கள். அந்தச் சேற்றுச் சத்தம் கேட்டது. முன்பக்கம் வந்தது, பின்பக்கம் வரவில்லை. குளிப்பாட்டவில்லை. கோடித்துணி போட முடியவில்லை. வாய்க்கரிசி போட ஒரு வாய் இல்லை. கடைசியில் இருக்கையோடு அறுத்து எடுத்து, இருக்கையோடு வைத்துத்தான் எரித்தார்கள். வாரையும் அவள் அந்தத் தீயிலேயே போட்டாள்.

மிச்ச இரும்பைக் கருமான் வெட்டி எடுத்துக்கொண்டு போனான்.

மூன்றாம் நாள் சாம்பல் அள்ளப் போன காளியப்பன் வாரைக் குச்சியில் தொங்கவிட்டுக் கொண்டுவந்தான். கருகவில்லை. “இதை என்னுங்க ஆத்தா பண்ணறது?” என்று கேட்டான். அவளுக்கும் தெரியவில்லை. ஒரு விதத்தில் வண்டியை வாங்கியவள் அவள்தான். அன்று அவள் வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் சென்னிமலை இறங்கி வந்திருப்பான். மாட்டுக் கொட்டகையின் நடுத்தூணில் அதைச் சுற்றிவிடச் சொன்னாள். அதற்குப் பின் அந்தக் கொட்டகையில் மாடு கட்டவில்லை.

வருஷங்கள் போய்விட்டன. கொட்டகைக் கூரை இரண்டு முறை மாறியது. தூணை ஒரு பக்கம் கரையான் தின்றது. யாரும் எண்ணெய் போடாத தோல் வெடிக்க வேண்டும். அது வெடிக்கவில்லை. தொட்டால் கை சுடாத அளவுக்குச் சூடு, உட்பக்கம் ஈரம். தினமும் பொழுது சாய்வதற்குள் சாரதாமணி போய் அதை அவிழ்த்துத் தொங்கவிட்டு வருகிறாள். விடிந்ததும் ஒரு சொம்பு மோரோடு போய், அது மறுபடி மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பாள்.

இன்று காலையும் அது மூன்றாம் துளையில்தான் மாட்டியிருந்தது.