நான் சொல்லும் வரை நகராதே

மலை மேல் இருந்த அந்தப் பங்களாவுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாலை நான்கு மணிதான். ஆனாலும் உள்ளே விளக்கு போட வேண்டியிருந்தது. சுவரெல்லாம் ஈரம் பூத்துக் கிடந்தது; மெத்தையிலிருந்து நனைந்த சாக்கு வாடை வந்தது. ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு தெரியும் என்று சொல்லித்தான் அந்த அறையைக் கொடுத்தார்கள். திறந்தேன். வெள்ளையாக மூட்டம் மட்டும் தெரிந்தது.

"நல்ல வியூ மாமா," என்றான் மச்சான்.

என் மனைவியின் தம்பி அவன். வீட்டில் எல்லோருக்கும் அவன் வாலு. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன். எங்கள் கல்யாண ஆல்பத்தில் அவன் முகம் ஒரு படத்தில்கூடத் தெளிவாக இருக்காது. ஒரு விநாடி ஆடாமல் நின்றால்தானே? நான் ஸ்டூடியோ வைத்திருப்பவன். ஆடாதே, ஆடாதே என்று சொல்லியே தொண்டை வற்றிப்போனவன். ஒரு ஹோட்டலின் வரவேற்பறைச் சுவருக்குப் பள்ளத்தாக்குப் படம் கேட்டிருந்தார்கள் என்று கிளம்பினேன். அடுத்த மாதம் வெளிநாட்டு வேலைக்குப் போகிறவன், அதற்குள் ஒரு தடவை மலை பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்து ஒட்டிக்கொண்டான். புறப்படும்போது என் மனைவி அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம்தான் சொன்னாள்.

"போன மாதிரியே அவனைக் கொண்டாந்து சேத்துடுங்க."

சரி சரி என்று தலையாட்டினேன்.

மறுநாள் காலையில் டீ கொண்டுவந்த காவலாளி, எங்கே நின்று எடுக்கப் போகிறோம் என்று விசாரித்தார். பள்ளத்தாக்கு ஓரத் தடுப்புக் கம்பியருகே நின்று, கீழே நீட்டிக்கொண்டிருக்கும் பாறையையும் சேர்த்து எடுப்பதாகச் சொன்னேன். காலி டம்ளரை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பினார்.

"எடுங்க சார், வேணாங்கல. ஆனா அங்க யாரையும் நில்லுன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

வழுக்கும் என்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

நான் எடுப்பது நான்கு நிமிடப் படம். லென்ஸுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டால் வெளிச்சம் சொட்டுச் சொட்டாகத்தான் உள்ளே போகும். அந்த நான்கு நிமிடத்தில் நடமாடுகிறவர்கள் படத்திலேயே விழமாட்டார்கள். அசையாமல் இருப்பதுதான் பதியும். மனிதன் எவ்வளவு விறைத்து நின்றாலும், மூச்சு விடுகிறானே, தோளாவது கொஞ்சம் கலங்கிவிடும்.

முதல் படத்தில் ஆளே இல்லை. பாறை மேல் மட்டும் சில கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. தூசியாக இருக்கும் என்று கண்ணாடியைத் துடைத்தேன். படம் அழகுதான், ஆனால் பள்ளம் எவ்வளவு பெரியது என்று அதில் தெரியவில்லை. அளவு காட்ட ஓர் ஆள் வேண்டும். மச்சானைப் பாறைக்கு அனுப்பினேன். பத்து நிமிட இறக்கம். குதித்துக்கொண்டே போனவன், பாறை நுனியில் நின்று கையை ஆட்டினான்.

"நான் சொல்ற வரைக்கும் நகராதே!" என்று கத்தினேன்.

"சரி மாமா!"

பொத்தானை அழுத்தினேன். கழுத்தைச் சொறிந்தான், காலில் ஏறிய அட்டையைத் தட்டிவிட்டான், பாட்டு வேறு பாடினான். உருப்பட்ட மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் கீழேயிருந்து மூட்டம் ஏறி அவனை மூடியது.

பாட்டு நின்றது.

பூச்சிச் சத்தம்கூட இல்லை. பங்களா அறையில் அடித்த அதே நனைந்த சாக்கு வாடை அந்தத் திறந்தவெளியில் மூக்கை அடைத்தது.

"மாமா, நகரலாமா?"

கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. பதில் சொன்னால் ஆடிவிடுவான் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"மாமா... நகரலாமா?"

குரல் சிறுத்திருந்தது.

நான்கு நிமிடம் முடிந்து படம் திரையில் வந்தது. பாறை மேல் மச்சான், துளிகூடக் கலங்காமல். பரவாயில்லையே வாலு என்று சந்தோஷமாகத் திரும்பினேன்.

அவன் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

பத்து நிமிட ஏற்றம். மூச்சு வாங்கவில்லை. செருப்பில் சேறில்லை.

"எப்படா வந்தே?"

"போலாம் மாமா."

அப்போது கீழே, மூட்டத்துக்குள்ளிருந்து மறுபடியும் கேட்டது. மாமா, நகரலாமா. என் பக்கத்தில் நின்றவனின் வாய் மூடியிருந்தது. எதிரொலி என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பையைக் கட்டினேன். 

வீட்டில் எல்லோருக்கும் ஒரே மகிழ்ச்சி. வாலு உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தான். காலாட்டவில்லை, யாரையும் சீண்டவில்லை. வெளிநாடு போகப்போகிற பொறுப்பு வந்துவிட்டது என்று பெருமைப்பட்டாள் மனைவி. மூன்றாம் நாள்தான் என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏங்க, அவன் கண்ணை மூடி நீங்க பாத்தீங்களா?"

நான் பேச்சை மாற்றினேன்.

அன்று மத்தியானமே விசாவுக்குப் படம் எடுக்க ஸ்டூடியோவுக்கு வந்தான். வெள்ளைத் திரைக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்தான். ஆடாதே என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. எடுத்தேன்.

படத்தில் முக்காலி மட்டும்தான் இருந்தது.

விளக்கை மாற்றி வைத்து எடுத்தேன். அப்போதும் முக்காலிதான். உள்ளறைக்கு ஓடிப்போய் மலையில் எடுத்த படங்களைக் கணினியில் பெரிதாக்கினேன். முதல் படத்தில், நான் தூசி என்று துடைத்த இடத்தில், ஆறு பேர் வரிசையாக நின்றார்கள். ஒருவர் தோளும் கலங்கவில்லை. நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். இரண்டாவது படத்தில் அந்த இடத்தில் வாலு நின்றான், கை இரண்டும் தொடையோடு ஒட்டி. அவன் வாய் மட்டும் கலங்கியிருந்தது. கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். அவனை ஒட்டி, இன்னோர் ஆளுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

போதும், நகரலாம் என்று நான் சொல்லவே இல்லை. இந்தக் கடைக்கு வருகிற அத்தனை பேரிடமும் சொல்கிற ஒரு சொல். என் மச்சானிடம் மட்டும் சொல்லவில்லை.

"போதும்டா, வா," என்றேன் கணினித் திரையைப் பார்த்து. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இங்கேருந்து சொன்னா அவனுக்குக் கேக்காது மாமா."

அது கதவருகில் நின்றிருந்தது.

"நேர்ல வந்து சொல்லணும்."

வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். என்னைத் திட்டுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கூடத்தை ஒரு முறை எட்டிப் பார்த்தாள். அது கண் சிமிட்டாமல் உட்கார்ந்திருந்தது. போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"நானும் வரேன். உங்க குரலுக்கு வரலேன்னாலும் அக்கா கூப்பிட்டா என் தம்பி வந்துடுவான்."

அந்த ஓர் ஆள் இடம் எனக்குத்தான் என்று தெரிந்தேதான் கிளம்பினேன். அவளிடம் தலையாட்டியவன் நான்தானே. இடம் ஒருவருக்குத்தான் என்று காட்டி அவளை மட்டும் எப்படியாவது நிறுத்திவிட வேண்டும் என்று, காரில் ஏறும் முன் செல்போனில் ஏற்றியிருந்த இரண்டாவது படத்தைத் திறந்து நீட்டினேன். நீட்டிய பிறகுதான் நானும் பார்த்தேன்.

இப்போது இரண்டு பேருக்கு இடம் விட்டிருந்தார்கள்.