பதினைந்து வினாடிக்கு ஒருமுறை

தூங்கி எழுந்தபோது அவனுடைய வலது சுட்டுவிரல் மட்டும் நிமிர்ந்து நின்றது. மற்ற விரல்கள் மடங்கியிருக்க, யாரோ பிடித்துத் தூக்கிவிட்டுப் போனதுபோல அது மட்டும் விறைத்திருந்தது. இடது கையால் மடக்கிப் பார்த்தான். இரண்டாவது கணுவரை ஈரம். முகர்ந்தால் குளோரின் வாடை. நீச்சல்குளத்தின் பக்கம் அவன் போய் எட்டு மாதமாகிறது.

எட்டு மாதத்துக்கு முன் அவன் மனைவி அந்தக் குளத்தில் இறந்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு தண்ணீரில் குப்புற மிதப்பதுதான் அவர்கள் விளையாட்டு. அதிக நேரம் கிடப்பவர் ஜெயிப்பார். பக்கத்தில் ஒருவர் ஸ்டாப்வாட்சோடு நிற்பார். மூன்றரை நிமிடம் தாண்டியதும் பதினைந்து வினாடிக்கு ஒருமுறை தோளில் தட்டுவார். மிதப்பவர் சுட்டுவிரலைத் தூக்கினால் நினைவோடு இருக்கிறார் என்று அர்த்தம். தூக்காவிட்டால் உடனே இழுத்துத் திருப்பிப் போட வேண்டும்.

"ஏய் கடிகாரம்" என்றுதான் அவனைக் கூப்பிடுவாள். அன்றைக்கும் கூப்பிட்டாள். "போன தடவை பயந்துபோய் இழுத்து எல்லாத்தையும் கெடுத்த. இன்னிக்கு விரல் அசைஞ்சுட்டு இருக்கும்போதே என்னை இழுத்த, அப்புறம் வீட்டுப் பக்கமே வர மாட்டேன்."

அவன் இழுக்கவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் தண்ணீருக்குள் விரல் எழுந்தது. ஏழரை நிமிடம். அவளுடைய சாதனையைவிட இரண்டு நிமிடம் கூடுதல். சந்தோஷத்தில் ஸ்டாப்வாட்சை அவளிடம் காட்டக் குனிந்தான். அப்போதுதான் நகம் நீலமாக இருப்பதைப் பார்த்தான்.

ஐந்தரை நிமிடத்திலேயே நினைவு போயிருக்கும், அதற்குப் பிறகு விரல் அசைய வாய்ப்பே இல்லை என்றார் டாக்டர்.

"அப்ப யாருய்யா தூக்கினது?" மச்சான் இதைக் கேட்காத நாள் இல்லை. அவளுடைய அண்ணன், லிப்ட் மெக்கானிக். "என் தங்கச்சி செத்து மிதக்குறா, நீ மணி பார்த்துட்டு நின்னிருக்க."

அதைவிட மோசமான ஒன்று அவனிடம் இருந்தது. அவனுக்கு மறுபடியும் தண்ணீர் வேண்டியிருந்தது. மூன்றாவது நிமிடத்தில் வயிறு இழுத்து இழுத்து உதைக்கும், நெஞ்சு வெடித்துவிடும்போல இருக்கும், செத்தோம் என்று உடம்பு முழுக்க அலறும். பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் தாண்டினால் அந்தப் பக்கம் ஓர் அமைதி. அலுவலகம், துக்கம் விசாரிக்க வருகிறவர்கள், அவளுடைய காலிச் செருப்பு, எதுவும் அங்கே கிடையாது. "உடம்பு பொய் சொல்லும், நம்பாத" என்பாள். தைரியசாலி என்று ஊர் சொல்கிறவன் எல்லாம் அந்த அமைதிக்கு அடிமையானவன்தான்.

அன்று காலையே மச்சானைப் போனில் கூப்பிட்டான். "நான் மிதக்கறேன் மச்சான். நீங்க தட்டுங்க. அங்க நின்னு பார்த்தாதான் உங்களுக்குப் புரியும்."

மதிய இடைவேளையில் குளம் காலியாக இருந்தது. மச்சான் சட்டையைக் கழற்றாமலே இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார்.

"நீ விரலைத் தூக்கிட்டு இருக்கற வரைக்கும் இழுக்க மாட்டேன் மாப்ள. அவளுக்கு நீ எப்படி நின்னியோ, அப்படியே நிப்பேன்."

"அஞ்சு நிமிஷத்துல நானே எந்திரிச்சிடுவேன்."

"பார்ப்போம்."

நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குப்புறப் படுத்தான். காதுக்குள் தண்ணீர் புகுந்ததும் பஞ்சு வைத்து அடைத்ததுபோல உலகம் ஒதுங்கியது. எங்கோ மோட்டார் முனகிக்கொண்டிருந்தது, அதற்கும் அடியில் அவன் இதயம் ஒவ்வொரு துடிப்பாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது. கீழே வெள்ளை ஓடுகளின்மேல் அவனுடைய நிழல் கைகளை விரித்துக் கிடந்தது.

மூன்றாவது நிமிடம். உதைத்தது. இன்னொரு உதை. தாண்டினான். அமைதி.

தோளில் தட்டு. விரலைத் தூக்கினான்.

தட்டு. தூக்கினான்.

தட்டுகளை எண்ணிக்கொண்டே வந்தான். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். போதும். காலை ஊன்றப் பார்த்தான். கால் கேட்கவில்லை. தலையைத் தூக்கப் பார்த்தான். தலையும் கேட்கவில்லை. இப்போது உடம்பு பொய் சொல்லவில்லை. பேசுவதையே நிறுத்தியிருந்தது.

பரவாயில்லை. விரலைத் தூக்காமல் இருந்தால் போதும். மச்சான் இழுத்துவிடுவார்.

தட்டு.

அவன் தூக்கவில்லை.

விரல் எழுந்தது.

அடியில் ஏதோ சில்லென்று பட்டது. கண்ணை மட்டும் நகர்த்த முடிந்தது. நகர்த்தினான்.

நிழல் கிடந்த இடத்தில் ஓடு இல்லை. அவள் இருந்தாள். மல்லாந்து, அவனுக்கு நேர் கீழே. குழந்தைக்கு எண் சொல்லிக்கொடுப்பதுபோல அவன் விரலை இரண்டு விரலால் பிடித்திருந்தாள். நீல நகம். முகத்தில் கோபம் இல்லை. எதுவுமே இல்லை.

தட்டு. தூக்கினாள்.

தட்டு.

மேலே, வெகுதூரத்தில், மச்சானின் குரல் உடைந்தது. "ஆறரை நிமிஷம்! அப்ப அவளும் நெசமாத்தான் தூக்கியிருக்கா. என்னை மன்னிச்சிடு மாப்ள... நீ கிட. உன் இஷ்டம்போல கிட."

இழு. இழு மச்சான். இழு.

அவளுடைய இன்னொரு கை கீழ்நோக்கித் தொங்கியது. அதிலும் சுட்டுவிரல் நிமிர்ந்திருந்தது. அதற்கும் கீழே, இருட்டிலிருந்து நீண்ட வேறொரு கை அதைப் பிடித்திருந்தது. அந்தக் கைக்குக் கீழே இன்னொன்று. அதற்குக் கீழே இன்னொன்று.

தட்டு.

எல்லா விரல்களும் ஒன்றாக எழுந்தன.