பதினாறு கோர் பொறாமை

மழைக்கு ஒதுங்க வருகிறவர்கள் பொருள் வாங்குவதில்லை என்பது அவளுடைய அனுபவம். அதனால் பழைய கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் அப்பாவின் கடைக்குள் அவன் தலையைத் துவட்டிக்கொண்டே நுழைந்தபோது அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஒரு பிராசசர் வேணுங்க. எட்டு கோராவது இருக்கணும். விலை மட்டும் கொஞ்சம் பார்த்து..."

"எதுக்கு?"

"வீட்ல கேம் சர்வர் போடப் போறேன், எல்லாரும் சேர்ந்து விளையாடற பொதுப் பெட்டி. நாங்க எட்டு பேர் விளையாடறோம். ஆளுக்கு ஒரு கோர்."

அவள் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள்.

"ஆளுக்கு ஒண்ணு குடுக்க இது என்ன மிட்டாயா? கோர்ங்கறது பிராசசருக்குள்ள வேலை பார்க்கற ஆள் மாதிரி. இந்த மாதிரி விளையாட்டுல மொத்த வேலையையும் ஒரே கோர்தான் இழுத்துக்கிட்டுப் போகும். மத்ததெல்லாம் கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பார்க்கும். உங்களுக்கு நாலு போதும். ஆனா ஒவ்வொண்ணும் வேகமா இருக்கணும். எந்நேரமும் ஓடற பெட்டி, கரண்டை ரொம்பக் குடிக்கவும் கூடாது."

திட்டு வாங்கியவன் கோபப்படவில்லை. இமை ஓரத்தில் ஒரு மழைத்துளி அப்படியே நிற்க, பாடம் கேட்கிற பிள்ளைபோல் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தத் துளி விழுமா, விழாதா... அவளுக்கு அடுத்து என்ன சொல்ல வந்தோம் என்பதே மறந்துபோனது.

"நான் எதிர்க் கண்ணாடிக் கடையில கண் டெஸ்ட் பண்றவன்" என்றான். "உங்களுக்கு இடது கண்ல கொஞ்சம் பவர் இருக்கும்போல. என்னைப் பார்க்கறப்ப சுருக்கறீங்க."

"அது பவர் இல்லைங்க. கோபம்."

சிரித்தான். துளி விழுந்தது.

அதன் பிறகு தினமும் வந்தான். "வந்துச்சா?" என்பான். "இல்லை" என்பாள். பேச்சு அதோடு முடிந்துவிடாது. பள்ளிக்கூட நண்பர்கள் எட்டு பேர் எட்டு ஊரில் இருக்கிறார்கள், வருடக்கணக்காகச் சேர்ந்து அந்த விளையாட்டுக்குள் ஒரு ஊரையே கட்டியிருக்கிறார்கள், வாடகைக்கு சர்வர் தந்த கம்பெனி மாதக் கடைசியில் கடையைச் சாத்துகிறது, அதற்குள் மாற்றாவிட்டால் ஊர் அழிந்துவிடும்... எல்லாம் இப்படித் தவணை முறையில்தான் அவளுக்குத் தெரிய வந்தது.

ஒருநாள் பழைய கம்ப்யூட்டர் ஒன்று மாற்றுக்கு வந்தது. அதற்குள் அவள் தேடிய அதே பிராசசர். நாலு கோர், நல்ல வேகம், சாதுவான சூடு. துடைத்து, பஞ்சில் வைத்து, இழுப்பறையில் பூட்டினாள். அவன் 'வந்துச்சா?' என்று கேட்கட்டும்... இன்று வேறு பதில் சொல்லலாம் என்று காலையிலிருந்து மனசு துள்ளிக்கொண்டிருந்தது.

அவன் வந்தான். ஒரு சிவப்புக் குடையின் கீழ்.

குடையைப் பிடித்திருந்தவளுக்கு நீளமான விரல்கள். அவன் தோளில் இருந்த ஈரத்தை அந்த விரல்களாலேயே தட்டிவிட்டாள்.

"இவதான் எங்க ஊர்க் கலங்கரை விளக்கத்தைக் கட்டினவ. நிஜத்துலயும் கட்டட வரைபடம் போடறா. லீவுக்கு வந்திருக்கா" என்றான் அவன். "சர்வர் போடணும்னு என்னைப் பிடுங்கி எடுத்ததே இவதான்."

"அந்தக் கலங்கரை விளக்கம் அங்க இவன் வீட்டு ஜன்னல்ல தெரியற மாதிரிதான் கட்டினேன்" என்றாள் சிவப்புக் குடை.

ஜன்னலாம். தெரிகிற மாதிரியாம்.

"வந்துச்சா?" என்றான் அவன்.

இழுப்பறைச் சாவி அவள் உள்ளங்கையில் சுட்டது. கை தானாக மேல் தட்டுக்குப் போனது. ஏதோ அலுவலகத்திலிருந்து கழித்துவிட்ட கிழட்டு பிராசசர், பெரிய போர்டோடு அங்கே உட்கார்ந்திருந்தது. பதினாறு கோர், ஒவ்வொன்றும் ஆமை. இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதிக்கும்.

"இதை எடுத்துக்குங்க. விலையும் கம்மி."

"நீங்கதானே வேகம் முக்கியம்னு..."

"யோசிச்சுப் பார்த்தேன். உங்க பக்கம் கூட்டம் ஜாஸ்தி. பதினாறு இருந்தா எல்லாருக்கும் ஆகும்."

அவன் அவள் கண்களையே ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு வாங்கிக்கொண்டு போனான்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "ரெண்டு வருஷமா தூங்கின சரக்கும்மா அது. எப்படித் தள்ளின?"

"கேட்டாரு. குடுத்தேன்."

முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது. விளையாட்டுக்குள் கலங்கரை விளக்கத்துப் படியில் சிவப்புக் குடை ஒரு காலைத் தூக்கியபடி உறைந்து நிற்பதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டாள். இரண்டாம் நாள் சிரிப்பு நின்றது. சிக்கி நிற்பது அவள் ஒருத்தி மட்டுமா? எட்டு பேரும்தான். அதில் அவனும் ஒருவன். தெரிந்தே ஒருவரை ஏமாற்றுவது அவளுக்கு இதுதான் முதல் தடவை... ஏமாந்தவன் அவனாகவா இருக்க வேண்டும்?

பேசாமல் போய் மாற்றிக் கொடுத்துவிடலாம். 'ஏன் அப்படிச் செஞ்சீங்க?' என்று கேட்டால்?

ஒருநாள் சாப்பிட்டுத் திரும்பியபோது அவன் கடை வாசலில் அப்பாவோடு டீ குடித்துக்கொண்டிருந்தான். இவளைக் கண்டதும் பாதி டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டான். அந்த மிச்ச டீயைக் கடை சாத்தும்வரை அவள் எடுத்துக் கொட்டவில்லை.

மாதக் கடைசி நெருங்கிய ஒரு மழை மாலையில் சிவப்புக் குடை மட்டும் தனியாக வந்தாள்.

"நேத்து எங்க ஊர்ல ஒரு கதவைத் தட்டினேன்" என்றாள் எடுத்த எடுப்பில். "அது திறக்கறதுக்குள்ள காபி போட்டுக் குடிச்சு, டம்ளரையும் கழுவி வெச்சுட்டேன்."

மேசையில் கிடந்த கேபிளை எடுத்து இவள் சுற்ற ஆரம்பித்தாள்.

"எது நல்லதுன்னு நீங்க சொன்னதையெல்லாம் அவன் எனக்கு ஒப்பிச்சிருக்கான். இவ்வளவு தெரிஞ்சவங்க தெரியாம தப்பு பண்ண மாட்டாங்க. என்னைப் பார்த்ததும்தானே பண்ணினீங்க?"

"...ஆமா."

"ரெண்டு வருஷம் முன்னாடி என்னைப் பிடிச்சிருக்கான்னு அவன்கிட்ட நானே கேட்டேன். இல்லைன்னுட்டான். அதை விழுங்கிட்டு ஃப்ரெண்டாவே இருந்தாச்சு. இப்ப போன்ல தினமும் உங்க புராணம். இந்த கேபிளை இப்படிச் சுத்துவாங்க, இப்படித் திட்டுவாங்கன்னு... எனக்கு எப்படி இருந்திருக்கும்? எந்த மூஞ்சிக்கு இவ்வளவு புராணம்னு பார்க்கத்தாங்க அன்னைக்குக் கூடவே வந்தேன். தோளைத் தட்டினது, ஜன்னல் கதை விட்டது, எல்லாம் உங்க முகம் மாறுதான்னு பார்க்கத்தான்."

மடக்கிய குடையிலிருந்த தண்ணீரை வாசலில் உதறினாள்.

"நல்லாவே மாறிச்சு" என்றாள் சிவப்புக் குடை. "ஆனா அதுக்கு எங்க ஊர் அழியணுமா? போங்க. இந்தாங்க குடை."

"வேண்டாம்" என்றாள் அவள். அந்தக் குடைக்குள் மட்டும் போவதாக இல்லை. இழுப்பறையைத் திறந்தாள். பஞ்சுப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தெருவைத் தாண்டினாள்.

கண்ணாடிக் கடையின் உள் அறை இருட்டாக இருந்தது. ஈரம் சொட்ட நின்றவளை அவன் நாற்காலியில் உட்காரச் சொன்னான். அவள் வாய் திறப்பதற்குள், தொழில் பழக்கத்தில், கண் சோதனைக்கான கனத்த கண்ணாடிச் சட்டத்தை மூக்கில் மாட்டிவிட்டான்.

"கடைசி வரி படிங்க."

"நான் உங்களுக்குக் குடுத்தது தப்பான பிராசசர்."

"தெரியும்." சட்டத்தில் ஒரு லென்ஸ் வில்லையைப் போட்டான். "இப்ப?"

"தெரிஞ்சா... ஏன் வாங்கினீங்க?"

"நீங்க முதல் நாள் சொன்னது எனக்கு மனப்பாடம். தப்பான பொருள்னா திருப்பித் தரணும். திருப்பித் தரணும்னா மறுபடி வரலாம்ல?"

"அப்புறம் ஏன் வரலை?"

"வந்தேனே. பெட்டியைத் தூக்கிக்கிட்டுத்தான் வந்தேன். உங்கப்பா அதை வித்த சந்தோஷத்துல டீ வாங்கிக் குடுத்து, தோள்ல கை போட்டு, நல்ல பையன்னு சொல்லிட்டாரு. எப்படிங்க திருப்பித் தர்றது? நீங்களும் வந்தீங்க. உங்க கண்ணைப் பார்த்தேன். ஏன் கோபம்னு புரியலை. பயந்துட்டேன்."

அடுத்த வில்லைக்காக நீண்ட அவன் கையை அவள் பிடித்து நிறுத்தினாள்.

"கோபம் இல்லை. பொறாமை. அவங்க உங்க தோளைத் தட்டினாங்க... எனக்குத் தாங்கலை. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. ஊர் அழியறதுக்குள்ள இதைப் போடுங்க. அதைச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

பொட்டலம் இரண்டு கைகளுக்கும் நடுவில் இருந்தது. அவன் அதை வாங்கினான். கையை விடவில்லை.

"எனக்கும்தான்" என்றான் மெல்ல. "அந்த முதல் திட்டுலேர்ந்தே."

வெளியே மழை வலுத்தது. அவன் குனிந்து அவள் மூக்கிலிருந்து சட்டத்தைக் கழற்றினான். இவ்வளவு அருகில் அந்தக் கண்கள்... இடது கண்ணுக்கு இனி எந்தப் பவரும் வேண்டியதில்லை போலிருந்தது.

"இந்த நாலு கோர் ஒன்பதாவது ஆளைத் தாங்குமா?" என்று கேட்டான்.

"தாராளமா. யாரு?"

"நீங்கதான். ஊர்ல உங்களுக்கு ஒரு வீடு கட்டணும்ல? எங்க வேணும்னு சொல்லுங்க."

அவள் கண்ணைச் சுருக்கி யோசித்தாள்.

"எங்க வேணா கட்டுங்க. கலங்கரை விளக்கத்துல ஏறிப் பார்த்தா மட்டும் தெரியக் கூடாது."