எதிர்ப்பக்கத்துச் சோறு

பக்காரி ஃபெஸ் நகரத்துக்கு வந்து சேர்ந்த அன்று மழை விடாமல் பெய்தது. பழைய நகரத்துச் சந்துகளில் கழுதைக்கும் மனிதனுக்கும் ஒரே வழிதான். பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு, பொதி கழுதைகள் வரும்போதெல்லாம் சுவரோடு சுவராக ஒட்டி நின்று, ஒருவழியாக லல்லா ஹனியாவின் வீட்டைக் கண்டுபிடித்தான். மாலி நாட்டில், சேகு என்ற ஆற்றங்கரை ஊரிலிருந்து பொறியியல் படிக்க வந்த பையன். அதுவரை வீட்டில் ஒரு வேளை கூடத் தனியாகச் சாப்பிட்டதில்லை.

லல்லா ஹனியா விதவை. அந்தப் பெரிய, பழைய வீட்டில் அவள் கீழே இருந்தாள். மாடியறையை மாணவர்களுக்கு வாடகைக்கு விடுவாள். சாவியைக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்.

"எல்லாம் உன் இஷ்டம் மவனே. சமைச்சுக்கோ, பாட்டுக் கேளு, கூட்டாளிங்களக் கூட்டிட்டு வா. ஜன்னல மட்டும் மூடாதே."

"குளிருமே லல்லா?"

"இன்னொரு கம்பளி தரேன். மூடாதே."

அவன் முகத்தைப் பார்த்து அவள் அதைச் சொல்லவில்லை. ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்.

ஊரோடு ஒத்து வாழ வேண்டும் என்று சொல்வது சுலபம். சேகுவில் வழியில் ஒருவனைப் பார்த்தால் அவன் அப்பா, அம்மா, மாடு கன்று வரைக்கும் நலம் விசாரித்துவிட்டுத்தான் நகர முடியும். இங்கே "லாபாஸ்?" என்றால் பதிலுக்கு ஒரு "லாபாஸ்", அவ்வளவுதான், ஆள் சந்து முனையில் மறைந்துவிடுவான். வகுப்பில் அவன் வாயைத் திறந்தால் பின்வரிசையில் சிரிப்பு. தெருப்பையன்கள் அவன் நிறத்தைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அம்மா போனில் "சாப்பிட்டியாடா?" என்று கேட்கும்போது, "எல்லாரும் தங்கமா பாத்துக்கறாங்கம்மா" என்று கூசாமல் புளுகினான். போனை வைத்ததும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். பையன் உள்ளுக்குள் உடைந்துபோயிருந்தான்.

குளிரோடு குளிராக ரமலானும் வந்தது. லல்லா ஹனியா தினமும் பொழுது சாய்வதற்குள் மகள் வீட்டுக்குப் போய்விடுவாள். நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்ததும் சந்துகளில் ஈ, காக்கை இருக்காது. மூடிய கதவுகளுக்குப் பின்னால் சூப்புக் கிண்ணங்களில் கரண்டி உரசும் ஓசை மட்டும் கேட்கும். அத்தனை பெரிய வீட்டில் பக்காரி ஒருவன்தான் இருந்தான்.

முதல் நோன்பன்று சோறும் நிலக்கடலைக் குழம்பும் செய்தான். அம்மா கொடுத்தனுப்பிய பெரிய எனாமல் தட்டத்தில் கொட்டி, பாயை விரித்து உட்கார்ந்தான். ஊரில் அந்தத் தட்டத்தைச் சுற்றி ஏழெட்டுப் பேர் உட்காருவார்கள். அவரவர் முன்னால் இருக்கும் பக்கத்திலிருந்துதான் அவரவர் எடுத்துச் சாப்பிட வேண்டும்.

ஒரு கவளம் எடுத்திருப்பான். மாடிப்படியில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது.

"வாங்க வாங்க! சாப்பாடு ரெடி, உக்காருங்க!"

திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான். அவர்கள் ஊர் வழக்கம் அது. சாப்பிடும்போது வாசலில் காலடி கேட்டால், நண்பனோ அந்நியனோ, கூப்பிட்டே ஆக வேண்டும்.

காலடி வாசலில் நின்றது.

பக்காரி திரும்பினான். யாரும் இல்லை.

பூனையாக இருக்கும் என்று நினைத்துச் சாப்பிட்டு முடித்தான். தட்டத்தை எடுக்கக் குனிந்தபோதுதான் பார்த்தான். அவன் பக்கம் காலியாக இருந்தது. நேர் எதிர்ப்பக்கத்திலும் ஒரு பள்ளம். விரல்களால் கோதி எடுத்த தடம் சோற்றில் அப்படியே பதிந்திருந்தது.

பூனைக்கு விரல் இல்லை.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். அன்று கம்பளிக்குள் புகுந்து நடுங்கிக்கொண்டே விடிய விடிய ஓதினான். ஆனால் மறுநாள் பாங்கு ஒலித்தது, சந்து காலியானது, கரண்டிச் சத்தம் கேட்டது. தனியாகச் சாப்பிடுவதை நினைத்தால் பேயை விடப் பயமாக இருந்தது. காலடி படியேறியதும் அவன் குரல் தானாகவே வந்தது.

"வாங்க."

அப்படித்தான் பழக்கம் ஆயிற்று. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தானே ஆக வேண்டும்? எதிர்ப்பக்கத்தில் குழம்பைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினான். வகுப்பில் நடந்தது, அம்மாவிடம் சொன்ன பொய், எல்லாவற்றையும் அந்த வெறும் இடத்தைப் பார்த்துப் பேசினான். பதில் வராது. ஆனால் கேட்கிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்பது தெரியும். அங்கிருந்து ஈர மண் வாசனை வரும்.

நகரத்தின் புதுப்பகுதியில் மாலி மாணவர்கள் சேர்ந்து நோன்பு திறப்பார்கள். சூமாயிலா திராவோரே மூத்த மாணவன், போன வருடம்தான் பக்கத்து நகரமான மெக்னெஸிலிருந்து கல்லூரி மாறி வந்தவன். அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய், ஒருநாள் கல்லூரி வாசலிலேயே பக்காரியை மடக்கினான்.

"டேய் பயறு தின்னி! கண்ணு ரெண்டும் குழிக்குள்ள போயிடுச்சு. எங்க கூட உக்காந்து தின்னா ஜாராக்களோட கௌரவம் கொறைஞ்சிடுமா?"

மாலியில் சூமாயிலாவின் திராவோரே வம்சத்துக்கும் பக்காரியின் ஜாரா வம்சத்துக்கும் தலைமுறை தலைமுறையாக மாமன் மச்சான் கேலி உண்டு. 'பயறு தின்னி' என்று யார் யாரை எவ்வளவு வைதாலும் கோபம் வரக் கூடாது. திருப்பி வைவதுதான் மரியாதை. பக்காரி வையவில்லை.

"வீட்டுல விருந்தாளி இருக்காருண்ணே."

"யாருடா?"

பக்காரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தான். சூமாயிலாவின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அன்றைக்குக் குளிர் எலும்பைத் துளைத்தது. பாங்கு ஒலித்தது. காலடி வந்தது. பக்காரி கையை நனைத்துத் தட்டத்தில் வைத்தபோது எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது.

பல் கிட்டும் சத்தம்.

விருந்தாளி குளிரில் நடுங்குகிறான். பக்காரிக்குப் பொறுக்கவில்லை. மொட்டை மாடியில் டீ போட வைத்திருந்த கும்முட்டியில் கரி போட்டு விசிறி, உள்ளே தூக்கி வந்தான். பிறகு ஜன்னல் கதவை இழுத்துத் தாழ்ப்பாள் போட்டான்.

"இப்பக் குளிராது. சாப்பிடுங்க."

பல் கிட்டுவது சட்டென்று நின்றது.

அறை மெல்லச் சூடேறியது. கரியின் சிவப்பைத் தவிர வேறு வெளிச்சம் இல்லை. பக்காரிக்குத் தலை இனிமையாகக் கனத்தது. ஊரில், ஆற்றங்கரையில், எல்லோர் நடுவிலும் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. கவளத்தை எடுத்தான். கை வாய் வரை வரவில்லை.

ஜன்னலில் ஏதோ பிறாண்டியது.

வெளியிலிருந்து இல்லை. உள்ளிருந்து.

தாழ்ப்பாள் கடகடவென்று ஆடியது. திறக்கவில்லை. மரத்தில் நகங்கள் கிழிபடும் ஓசையும், மூச்சுக்குத் தவிக்கும் ஒருவனின் இழுப்பும் கேட்டன. பக்காரி எழ நினைத்தான். கால்கள் அவனுடையவையாக இல்லை. கண் செருகியது.

அப்போது தட்டம் எழும்பியது.

சோறும் குழம்பும் சிதற, அது தானாகவே பறந்து போய் ஜன்னல் கண்ணாடியில் மோதியது. கண்ணாடி நொறுங்கியது. பனிக்காற்று அறைந்தாற்போல் உள்ளே பாய்ந்தது. முதுகில் இரண்டு ஈரக் கைகள் பட்டன. அவை அவனை வாசலைப் பார்த்துத் தள்ளின.

மகள் வீட்டிலிருந்து திரும்பிய லல்லா ஹனியா படிக்கட்டில் கிடந்தவனைப் பார்த்து அலறிய அலறலில் சந்தே கூடிவிட்டது.

காலையில் சூமாயிலா ஓடி வந்தான். லல்லா ஹனியா ஜன்னல் சட்டத்தைத் தடவிக்கொண்டே அழுதாள். பெயிண்ட் அடித்தும் மறையாத நகக் கீறல்கள் அதில் இருந்தன.

"போன குளிர்காலத்துல இங்க ஒரு புள்ள இருந்தான். உங்க நாட்டுப் புள்ளதான், லான்சினான்னு பேரு. இதே மாதிரி கரிய மூட்டி, ஜன்னல மூடிட்டு ஒண்டியா நோம்பு தொறந்திருக்கான். தாப்பா வரைக்கும் வந்திருக்கான், தொறக்க முடியல, கரிப்புகையில மூச்சு முட்டியே போயிட்டான். சொன்னா நீ குடி வருவியா? பாவி நான், சொல்லாம விட்டேன்."

சூமாயிலா சட்டென்று அவள் பக்கம் திரும்பினான்.

"லான்சினா திராவோரேயா? சிக்காசோ ஊர்க்காரன்? அவன் அடக்கத்துக்கு மெக்னெஸ்லேருந்து நான் வந்தேனே! இந்த வீடுன்னு தெரியாமப் போச்சே." ஜன்னல் சட்டத்துக் கீறல்களைத் தொட்டுப் பார்த்தான். பிறகு தணிந்த குரலில் சொன்னான், "அன்னிக்கு அங்க ஒரு ஜாரா கூட இல்லடா."

பக்காரிக்கு அது போதும். ஊரில் ஒரு திராவோரே செத்தால், ஜாரா ஒருவன் வந்து பிணத்தைக் கேலி செய்ய வேண்டும். நடித்தது போதும், எழுந்திரு என்று வைய வேண்டும். அழுகிற வீடு ஒரு கணமாவது சிரிக்க வேண்டும். அப்போதுதான் செத்தவன் தன் மக்கள் நடுவில்தான் செத்தான் என்று அர்த்தம். இந்தப் பிள்ளை அந்நிய மண்ணில், வைய ஆள் இல்லாமல் போயிருக்கிறான்.

நோன்பு முடிந்த பெருநாள் காலையில் இருவரும் கோட்டைச் சுவருக்கு வெளியே, லான்சினாவை அடக்கம் செய்த மையவாடிக்குப் போனார்கள். பக்காரி கபரின் முன்னால் நின்று இடுப்பில் கை வைத்தான்.

"டேய் திராவோரே! ஒரு மாசமா என் சோத்தத் தின்னியே, ஒரு நாளாவது பாத்திரம் கழுவினியாடா? வெக்கங்கெட்டவனே, படுத்தது போதும், எழுந்து வா!"

கபரின் மேல் கவிழ்ந்து, முகம் தெரியாத அந்த நண்பனுக்காக விக்கி விக்கி அழுதான். சூமாயிலா சிரித்தான். சிரித்தபடியே அவனும் அழுதான்.

பிறகு சூமாயிலா சிக்காசோவுக்குப் போன் போட்டு, லான்சினாவின் அம்மா எடுத்ததும் பக்காரியின் கையில் கொடுத்தான்.

"பெருநாள் வாழ்த்தும்மா. நான் ஃபெஸ்லேருந்து பக்காரி ஜாரா பேசறேன். நீங்க என்னைப் பாத்ததில்ல..."

"அட பயறு தின்னி, நீதானா அது!" அம்மா சிரித்தாள். "லான்சினா சொன்னான். 'ஒரு ஜாரா என்னையக் கூப்பிட்டு உக்கார வச்சு சோறு போட்டாம்மா, உப்புதான் கொஞ்சம் தூக்கல்'னான்."

பக்காரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். "கனவுலயாம்மா?"

"கனவு என்ன கனவு? இப்பத்தான், நீ கூப்பிடறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. புள்ளைய மண்ணுக்குக் குடுத்துட்டோம்னு எனக்குத் தெரியாதா தம்பி? தெரியும். ஆனா போன் அடிச்சுதே. பெத்தவ எடுக்காம இருப்பேனா?"

காற்று இல்லை. மையவாடியில் ஒரு புல்கூட அசையவில்லை.

"பேச்சு பாதியில அறுந்துபோச்சு," என்றாள் அம்மா. "உன் பக்கத்துலதான் நிக்கறேன்னான். கொஞ்சம் அவன்கிட்ட குடேன்ப்பா."

பக்காரி போனைக் காதிலிருந்து எடுத்தான். பக்கத்தில் இருந்த வெறும் இடத்தை நோக்கி நீட்டினான்.

போனுக்குள் அம்மா பேச ஆரம்பித்தாள். பேசினாள், நிறுத்தினாள், கொஞ்ச நேரம் கேட்டாள், "ம்" கொட்டினாள். மறுபடியும் பேசினாள்.