பதினோரு பேருக்கு வலித்தது

காலை ஆறு மணிக்குப் பவளக்கொடி தோட்டத்து வாசலில் நின்று, சட்டைக் காலரை விலக்கி, கழுத்தெலும்பைச் சுவரோடு ஒட்டினாள். சுவர் அவள் மனதைப் படித்தது.

"வருத்தம் மூன்று. கோபம் ஒன்று. பயம் இல்லை. உள்ளே போகலாம்."

அவள் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பின்னால் நின்றவர் தன் கழுத்தை நீட்டினார்.

செவ்வாய்க் கிரகத்தில் செம்மேடு என்ற அந்த ஊரில், குழந்தைக்குப் பெயர் வைக்கும் நாளிலேயே கழுத்தெலும்புக்கு அடியில் அரிசி மணி அளவில் ஓர் உளமானியைப் பதித்துவிடுவார்கள். ஒரே கண்ணாடிக் கூரைக்குக் கீழே இரண்டாயிரத்து முந்நூறு பேர் ஒரே காற்றைப் பங்கு போட்டு வாழும் ஊர். ஒருவனுக்குப் புத்தி பேதலித்து அவன் வெளிக்கதவைத் திறந்துவிட்டால் போதும், ஊரே காலி. அதனால் மனதை அளப்பதை அங்கே யாரும் குற்றமாக நினைப்பதில்லை. எடை பார்த்துக்கொள்வது போலத்தான்.

அன்றைக்கு அவள் வருத்தம் மூன்றாக இருந்ததற்குக் காரணம் இருந்தது. அவள் அப்பா இறந்து சரியாக ஓர் ஆண்டு. செம்மேட்டில் கால் வைத்த முதல் கூட்டத்தில் ஒருவர் அவர். செத்த கல்தூளாகக் கிடந்த செவ்வாய்ப் பொடியில் சாம்பலையும் கழிவையும் கலந்து, அதை மண் என்று சொல்லும்படி ஆக்க முப்பது ஆண்டுகள் பாடுபட்டவர். இப்போது அங்கே விளையும் கத்தரியும் வெண்டையும் அவர் கிளறிய மண்ணில்தான் நின்றன. ஆனால் செம்மேட்டு வழக்கப்படி அவர் உடலை ஒரு பேழையில் வைத்து, வழியனுப்புக் கூடத்திலிருந்து விண்வெளிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அன்று மாலை பவளக்கொடி பொதுச்சுவரின் முன்னால் போய் நின்றாள். ஊரில் யாரும் எதையும் சொல்லலாம் என்று வைத்திருந்த சுவர் அது. அங்கே சொல்வது எல்லோர் வீட்டுச் சுவரிலும் கேட்கும். பெரும்பாலும் பிறந்தநாள் வாழ்த்துதான் அதில் வரும்.

"எங்கப்பா சேர்த்த மண்ணுல அவருக்கே இடம் இல்லாமப் போச்சு. இருட்டுல கொண்டுபோய் வீசிட்டோம். நான் செத்தா என்னை வீசாதீங்க. கத்தரிப் பாத்தியில புதைச்சிடுங்க. அந்தச் செடியாவது என்னைத் தின்னு நல்லா இருக்கட்டும்."

அவ்வளவுதான் பேசினாள். வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

காலையில் எழுந்தபோது அவள் பெயரில் ஆயிரத்து நானூறு புகார்கள் இருந்தன.

தோட்ட மேலாளர் நல்லதம்பி அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். கோபக்காரர் அல்ல. நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டே? பொதுச் சமையலறையில குணவதி கத்தரிக்காய்க் கூடையைத் தொடவே மாட்டேங்குது. பொணத்தைப் பாத்தியில போடணும்னு சொல்றவ கையால பறிச்சதை எப்படிச் சமைக்கிறதுன்னு கேக்குது."

"நான் என்னைத்தானே போடச் சொன்னேன் சார்? நான்தான் இன்னும் சாகலியே."

"அது எனக்குப் புரியுது. நீ பேசினது தப்புன்னு நான் சொல்லவே இல்லை. உன் கருத்து உன் உரிமை. உன் வேலைதான் நிர்வாகத்தோட உரிமை."

செம்மேட்டில் வேலை போவது என்பது வேறு வேலை தேடுவது அல்ல. அங்கே நிர்வாகம் ஒன்றுதான், அது தரும் வேலைதான் வேலை. வேலை இல்லாதவருக்குக் காற்றுப் பங்கு இல்லை. பதினான்கு மாதங்கள் கழித்து வரும் கப்பலில் பூமிக்கு ஏற்றிவிடுவார்கள். பவளக்கொடி பிறந்ததே செவ்வாயில். பூமியில் அவள் எடை இரண்டரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். எழுந்து நிற்கவே அவள் எலும்பு தாங்காது என்று மருத்துவர்கள் எல்லோருக்கும் சொல்லியிருந்தார்கள்.

நல்லதம்பி ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். மன்னிப்புக் கடிதம், தயாராக எழுதப்பட்டிருந்தது. 'என் தந்தையின் மறைவால் மனம் குழம்பிய நிலையில்' என்று தொடங்கியது.

"இதைப் படிச்சு சுவர்ல சொல்லிடு. நாலு நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க."

அவள் இரண்டு தடவை படித்தாள். பதினான்கு மாதங்கள், கப்பல், எழுந்து நிற்க முடியாத ஓர் ஊர் எல்லாம் கண்முன் வந்து போயின. கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தாள்.

"அப்பா செத்தப்ப எனக்குக் குழப்பம் எதுவும் இல்லை சார். வருத்தம்தான் இருந்துச்சு," என்று பேனாவைக் கீழே வைத்தாள். "குழப்பம்னு எழுதினா அது பொய்."

வழக்கு நடுவனிடம் போயிற்று.

நடுவன் ஓர் இயந்திரம். பார்ப்பதற்குத் துணி அலமாரி போல இருக்கும். நிர்வாகத்தின் விதிகளை வரி பிசகாமல் நடத்துவதற்காகவே செய்யப்பட்டது. யாருக்கும் உறவில்லை, யார்மீதும் பகையில்லை. மூன்று நாட்கள் எடுத்துக்கொண்டது. நான்காம் நாள் ஊரைக் கூட்டியது. நிற்க இடமில்லாமல் கூடம் நிரம்பியது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த பவளக்கொடியின் இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாகவே இருந்தன.

"விதி பதினான்கைப் படிக்கிறேன்," என்றது நடுவன். "ஊழியர் ஒருவர் சொந்தக் கருத்தைச் சொல்லி, அதனால் பிறருக்கு மன உளைச்சல் உண்டானால், உளைச்சல் உண்டாக்கியவரை வேலையிலிருந்து நீக்க வேண்டும். உளைச்சல் உண்டானதா என்பதை வாய்ச்சொல்லை வைத்து முடிவு செய்ய முடியாது. ஆகவே எல்லோருடைய உளமானிப் பதிவுகளையும் பார்த்தேன்."

கூட்டத்தில் சிலர் கழுத்தைத் தடவிக்கொண்டார்கள்.

"பவளக்கொடி பேசியதைக் கேட்டபோது பதினோரு பேருக்கு உளைச்சல் உண்டானது. முந்நூறு பேருக்கு வருத்தம் வந்தது. தங்கள் வீட்டுச் சாவை நினைத்திருக்கலாம். மற்ற யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பலர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டார்கள்."

"பொய்!" என்று குணவதி எழுந்தாள். சமையலறையையே நடுங்க வைக்கும் குரல் அவளுக்கு. "அன்னிக்கு ராத்திரி எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுது. தூக்கமே வரலை!"

"உண்மை. அடித்தது. ஆனால் அவர் பேசி நாற்பது நிமிடம் கழித்து அடித்தது. அடுத்த வீட்டார் புகார் கொடுத்துவிட்டார் என்று சுவரில் செய்தி வந்த நிமிடத்தில். பயம் ஏழு. அதற்கடுத்த நிமிடம் நீங்கள் புகார் கொடுத்தீர்கள். பயம் இரண்டாக இறங்கியது."

குணவதி உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்கள் புகார் கொடுத்ததைப் பார்த்து உங்கள் தெருவில் முப்பது பேருக்கு உளைச்சல் உண்டானது. அவர்களும் கொடுத்தார்கள். இப்படியே ஆயிரத்து நானூறு. ஒவ்வொரு புகாரும் பதினோரு பேருக்கு மேல் உளைச்சல் தந்தது. விதியின்படி புகாரும் ஒரு சொந்தக் கருத்துதான். எனவே பிறருக்கு உளைச்சல் உண்டாக்கிய ஆயிரத்து நானூற்று ஒரு பேரையும் வேலையிலிருந்து நீக்க வேண்டும். யார் எவ்வளவு உளைச்சல் உண்டாக்கினார் என்ற வரிசையில் பட்டியல் தயாராக இருக்கிறது. முப்பத்தெட்டாவது பெயர் தோட்ட மேலாளர் நல்லதம்பி. கடைசிப் பெயர் பவளக்கொடி. மேலிருந்து தொடங்கலாமா?"

காற்றுக் குழாயைத் திருகுகிறவர், தண்ணீரைச் சுத்தம் செய்கிறவர், பிரசவம் பார்க்கிறவர் எல்லோரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். நிர்வாகக் குழுவில் ஏழு பேரில் ஆறு பேர் இருந்தார்கள். குழு அங்கேயே எழுந்து ஒரு மூலையில் கூடிப் பேசியது. பத்து நிமிடத்தில் விதி பதினான்கு ரத்தானது.

"நல்லது," என்றது நடுவன். பிறகு, யாரும் கேட்காமலே, ஒரு வாக்கியம் சேர்த்துச் சொன்னது. "பேசியவளுக்குப் பயமில்லை, கேட்ட ஊருக்குத்தான் பயம். எனக்கு இது வேடிக்கையாக இருக்கிறது."

மறுநாள் பவளக்கொடி கத்தரிப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தபோது ஓர் ஆள் வரப்பில் வந்து நின்றார். வழியனுப்புக் கூடத்தில் வேலை செய்யும் சவரிமுத்து. அவளைவிட நாலைந்து வயது மூத்தவர். அவரோடு அவள் அதிகம் பேசியதில்லை. ஒரு வருடத்துக்கு முன்னால் பேழையின் மூடியைப் பூட்டிய கைகள் அவருடையவை என்பது மட்டும் நினைவிருந்தது.

"அந்தப் பதினோரு பேர்ல நானும் ஒருத்தன் தங்கச்சி," என்றார்.

அவள் எழுந்து நின்றாள். கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"வீசிட்டோம்னு சொன்னியே. உங்கப்பாவுக்கு நான்தான் தலை வாரிவிட்டேன். சட்டைப் பொத்தானெல்லாம் போட்டு, கையை நெஞ்சு மேல வச்சு, போய் வாங்க ஐயான்னு சொல்லித்தான் விசையை அழுத்தினேன். ஒவ்வொருத்தருக்கும் அப்படித்தான். என் பொஞ்சாதிக்கும் அப்படித்தான் செஞ்சேன். நான் யாரையும் வீசலை."

பவளக்கொடி தலை குனிந்தாள். ஆயிரத்து நானூறு புகார் செய்யாததை இந்த ஒரு பேச்சு செய்தது.

"அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது அண்ணே. நீங்க தலை வாரிவிட்டது எனக்குத் தெரியாது. மன்னிச்சிடுங்க." கொஞ்சம் தயங்கினாள். "ஆனா என்னை நீங்க அனுப்ப வேண்டாம். இந்த மண்ணுலதான் நான் கிடப்பேன். அதுல மாத்தமில்லை."

"மனுஷனை எருவாக்குறது எனக்கு ஒப்பாது. சாகுற வரைக்கும் ஒப்பாது."

"சரி."

"சரின்னா?"

"ஒப்பலைன்னா ஒப்பலை. அதுக்கு நான் என்ன செய்ய?"

சவரிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இவ்வளவு வலிச்சிருக்கு. நீங்க ஏன் அண்ணே புகார் கொடுக்கலை?"

"கொடுத்தா உன்னைக் கப்பல் ஏத்திடுவாங்க. அப்புறம் நான் யாரோட சண்டை போடுறது?"

ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். இருவரில் ஒருவரும் இறங்கி வரவில்லை. போகும்போது அவர் அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு போனார்.

விதி ஒழிந்த மூன்றாம் நாள், பொதுச்சுவரில் ஒரு மனு ஏறியது. 'நடுவன் வேலை நேரத்தில் சொந்தக் கருத்தைச் சொன்னது. எங்களை வேடிக்கை என்றது. எங்கள் மனம் புண்பட்டது. அதைக் கழற்றி உதிரியாக்க வேண்டும்.' முதல் கையெழுத்து குணவதியுடையது. மதியத்துக்குள் தொள்ளாயிரம் கையெழுத்துகள் சேர்ந்துவிட்டன.

சவரிமுத்து மூச்சிரைக்கத் தோட்டத்துக்கு ஓடி வந்தார். "வா தங்கச்சி. அந்த அலமாரிக்காகப் பேச யாராவது வேணும்ல?"

கூடத்துக்குப் போய்ப் பார்த்தால் வாசல் வரை வரிசை நின்றது. விதி பதினான்கோடு வீட்டிலிருந்தே புகார் அனுப்பும் வழியும் போய்விட்டதால், புகார் சொல்ல வேண்டுமென்றால் இப்போது நேரில் வந்து, யாரைப் பற்றிப் புகாரோ அவர் முகத்துக்கு முன்னால்தான் சொல்ல வேண்டும். நல்லதம்பியும் வரிசையில் நின்றார். பவளக்கொடியைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வரிசையின் தலையில் குணவதி, நடுவனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"உங்கள் மனம் எதனால் புண்பட்டது?" என்று நடுவன் கேட்டது.

"நீ என்னைப் பயந்தாங்கொள்ளின்னு சொன்னே."

"அந்தச் சொல்லை நான் சொல்லவில்லை."

"சொல்லாம சொன்னே." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அது உண்மையாப் போச்சு, அதான் புண்பட்டுச்சு. போதுமா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். குணவதி திரும்பி முறைத்தாள். ஆனால் அவளுக்கே உதட்டோரம் துடித்தது. நடுவனின் திரையில் தெரிந்த மனுவின் மேல் விரலை வைத்துத் தன் பெயரை அழித்தாள். எழுந்தவள் போகவில்லை. கூட்டத்தைப் பார்த்து நின்று, மூச்சை இழுத்து விட்டாள்.

"பயந்தாங்கொள்ளி இல்லைன்னு காட்டத்தான் சொல்றேன். தினமும் வேலைக்கு முன்னாடி பாடுறோமே நிர்வாகப் பாட்டு, அது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. இருபது வருஷமா வாயை மட்டும் அசைச்சிட்டு இருக்கேன்."

வரிசையின் நடுவிலிருந்து, "நானும்தான்," என்று ஒரு குரல். "நானும்," என்றது இன்னொன்று. பவளக்கொடிக்கும் வாய் துறுதுறுத்தது. அவளும் வாயசைப்பவள்தான்.

"அந்தப் பாட்டை எழுதினது நான்," என்றார் நல்லதம்பி.

அவர் முகம் வெளுத்திருந்தது. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். எத்தனை பேருக்குப் பிடிக்கவில்லை என்று அவர் கண் வரிசையை எண்ணிக்கொண்டே போனது.

குணவதி அவர் பக்கத்தில் வந்து, பதற்றமாய் அவர் கையைப் பிடித்தாள்.

"ஐயோ, எதுக்கு சார் இப்படி நடுங்குறீங்க? பாட்டு நல்லா இல்லைன்னுதானே சொன்னேன்? உங்களை வேலையை விட்டுத் தூக்கணும்னா சொன்னேன்?"