பத்து நிமிஷத்துல வந்துடறேன்

சரக்கு ஏஜென்சி ஆபீஸுக்கு அவர் வந்து சேர்ந்தபோது மத்தியானம் பன்னிரண்டரை. தொழிலில் அவருக்குப் பெயர் ‘மீட்டர்’. வெயில் சுடுகிறது என்று சொன்னாலும், மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வியர்ப்பார் என்று கேலி செய்வார்கள்.

யூபிஎஸ் ரிப்பேரில் முப்பது வருடம். பேட்டரிக்கு லோடு கொடுத்துச் சோதிக்காமல் அவர் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் ஒன்றே ஒன்றுதான். அது இந்த ஆபீஸுடையது. பேட்டரி மாற்றியவன் அவர் மனைவியின் தம்பி, கடையில் கூட்டாளி. சொந்த மச்சானுக்கு எதற்கு மீட்டர்?

“என்னம்மா தொந்தரவு?”

மேனேஜரம்மா யூபிஎஸ் இருந்த கண்ணாடி அறைக்கு நாலடி தள்ளியே நின்றாள். “கரண்ட் போனா பீப் அடிக்குது. நாலாவது பீப்ல நின்னுடுது. யாரோ உள்ளேருந்து பட்டனை அமுக்கற மாதிரி.”

“உள்ளே யாரு இருக்காங்க?”

“யாரும் இல்லைங்க. கம்ப்யூட்டரெல்லாம் பாத்துக்கிட்டிருந்த சிஸ்டம்காரர் இறந்ததுலேருந்து நாங்க யாரும் அங்க போறதில்ல. உங்க மச்சானைக் கூப்பிட்டோம். வாசல்லயே நின்னு ‘குதிரை மாதிரி ஓடுது’ன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.”

சிஸ்டம்காரருக்கு மாரடைப்பு என்று மச்சான் சொல்லியிருந்தான். மீட்டர் மேலே எதுவும் கேட்கவில்லை. கம்ப்யூட்டர்களை நிறுத்தச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அழுகிய முட்டை நாற்றம். வெந்துபோன பேட்டரியின் நாற்றம் அது. சிஸ்டம்காரர் போய் மூன்று மாதமாகியும் சுவரை விட்டுப் போகவில்லை.

பதினாறு பேட்டரியையும் கழற்றித் தரையில் அடுக்கினார். எல்லாம் வயிறு வீங்கிக் கிடந்தன. புத்தம்புது லேபிள். ஒன்றின் ஓரத்தை நகத்தால் உரித்தார்.

அடியில் சிவப்புப் பெருக்கல் குறி.

செத்த பேட்டரியைக் குப்பைக்கு ஒதுக்கும்போது அவரே போடுகிற குறி. அவர் கை. அவர் பேனா.

இரண்டாவதை உரித்தார். பிறகு மூன்றாவதை.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று கடைத்தெருவில் ஆயிரம் தடவை கேட்டவர்தான். ஆனால் தன் வீட்டுச் சோற்றைத் தின்கிற வயிறு என்று நம்பியிருந்தார்.

மெயின் சுவிட்சை அணைத்தார். விளக்கு போயிற்று. பேட்டரியும் இல்லை, கரண்டும் இல்லை. யூபிஎஸ் வெறும் இரும்புப் பெட்டி.

பெட்டிக்குள் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

பீப். பீப். பீப். பீப்.

பட்டன் உள்ளே அமுங்கி, மெதுவாக வெளியே வந்தது.

திரையில் பச்சை எழுத்து: மீதம் பத்து நிமிடம். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அது பத்திலேயே நின்றது.

வெளியே வந்து கதவைச் சாத்தினார். “சிஸ்டம்காரர் எப்படிம்மா போனார்?”

“உங்களுக்குத் தெரியாதா?” அவள் குரல் தாழ்ந்தது. “கரண்ட் போன உடனே பேட்டரியும் படுத்துடுச்சு. மின்சாரப் பூட்டு திறக்கல. உள்ளே புகை. கதவை உடைக்கப் போனோம். அவரு போனைக் காதுல வச்சுக்கிட்டு, வேணாம்னு கையைக் காட்டினார். உங்க மச்சான்தான் லைன்ல. ‘கதவை உடைச்சா எல்லாம் பாழாயிடும், பொறுங்க, பத்து நிமிஷத்துல வந்துடறேன்’னு சொல்றார்னு கண்ணாடிக்கு உள்ளேருந்தே கத்தினார்.”

“வந்தானா?”

“ஒரு மணி நேரம் கழிச்சு. அதுக்குள்ள அவரு சாய்ஞ்சுட்டார்; நாங்க பூட்டை உடைச்சும் பிரயோஜனமில்ல.”

மீட்டர் மச்சானுக்கு போன் போட்டார். “லேபிளை உரிச்சுப் பார்த்துட்டேன்டா.”

மச்சானின் குரல் நிதானமாக வந்தது. “மாமா, ரிப்போர்ட்ல இருக்கற கையெழுத்து உங்களோடது. அதை மறந்துடாதீங்க.”

“ஒரு மனுஷன் செத்திருக்கான்டா.”

“யார்கிட்டயும் வாயைத் திறக்காதீங்க. நான் பாத்துக்கறேன். பத்து நிமிஷத்துல வந்துடறேன்.”

கண்ணாடிக்கு அப்பால் திரை மாறியது.

ஒன்பது.

மீட்டர் ஒரு பேட்டரியைத் தூக்கி வந்து மேனேஜரம்மாவின் மேஜைமேல் வைத்தார். “இந்தக் குறியும் என்னோடது. உங்க ஃபைல்ல இருக்கற கையெழுத்தும் என்னோடது. போலீஸுக்குச் சொல்லுங்கம்மா. முதல் பேரு என் பேராவே இருக்கட்டும்.”

ஐந்து. நான்கு.

மச்சானின் எண்ணை மறுபடி அழுத்தினார். சுவிட்ச் ஆஃப்.

ஒன்று.

பூஜ்யம்.

விசிறி நின்றது. திரை இருண்டது. தெருப்பக்கம் வண்டிச் சத்தம் எதுவும் இல்லை.

மேஜைமேல் இருந்த ஆபீஸ் போன் அடித்தது. மேனேஜரம்மா எண்ணைப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். “அந்த ரூம் எக்ஸ்டென்ஷன்,” என்றாள்.

மீட்டர் எடுத்தார்.

முதலில் வெறும் இருமல். நீண்ட, ஈரமான இருமல். அப்புறம் ஒரு மரியாதையான குரல்.

“பரவாயில்லைங்க. வழியில டிராஃபிக்கா இருக்கும். இன்னொரு பத்து நிமிஷம் பார்க்கறேன்.”