பச்சைக் கட்டம்

படத்தில் மீன்கொத்தி இன்றும் மங்கலாகத்தான் விழுந்திருந்தது. அதற்குப் பின்னால், குளத்தின் அக்கரையில் இருந்த அவளுடைய வீடு மட்டும் செங்கல் செங்கலாகத் தெளிந்து நின்றது.

கேமராவை இரவல் கொடுத்த தம்பி படத்தைப் பார்த்துவிட்டுப் போனில் சிரித்தான்.

"அக்கா, மனுஷக் கண்ணைத் தேடுற செட்டிங்லயே விட்டிருக்க. பறவைக்கு மாத்தணும். திரையில பச்சைக் கட்டம் எங்க நிக்குதோ அதைத்தான் தெளிவா எடுக்கும்."

"அங்க மனுஷங்களே இல்லடா."

"இல்லாமலா போய் ஒட்டிக்கிச்சு?"

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். மாடிப் படுக்கையறை ஜன்னல். திரைச்சீலையின் இடைவெளியில் ஒரு பெண். முகம் நிழலில் இருந்தது, தோளில் விழுந்த முடி மட்டும் தெரிந்தது.

விடியற்காலையில் அவள் கிளம்பும்போது அந்த அறையில்தான் கணவன் தூங்குவான். "நிதானமா எடுத்துட்டு வா, அவசரமே இல்ல" என்று அனுப்பியும் வைப்பான். காக்காயையும் புறாவையும் தவிர வேறு பறவை தெரியாத மனுஷனுக்கு இதில் என்ன இவ்வளவு அக்கறை? திரும்பி வந்தால் சிங்க்கில் இரண்டு காபி கப் கிடக்கும். தலையணையில் குளத்துப் பாசியின் ஈர வாடை வீசும். தன் மேல் ஒட்டிய வாடை என்றே நினைத்திருந்தாள். என்ன ஒரு ஏமாளி!

மறுநாளும் கிளம்பினாள். செட்டிங்கை மாற்றவில்லை. கொசுக்கள் காதோரம் ரீங்கரிக்க, அழுகிய தண்டுகளின் நாற்றம் மூக்கில் ஏற, தண்ணீருக்குள் ஏதோ மெல்லப் புரண்டு அடங்கும் சத்தத்தைக் கேட்டபடி நாணலுக்குப் பின்னால் உட்கார்ந்து, லென்ஸை ஜன்னலுக்குத் திருப்பி வைத்தாள். மீன்கொத்தி வந்து கிளையில் அமர்ந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

மாடியில் விளக்கு எரிந்தது. கணவன் கப்போடு ஜன்னலருகே வந்து, அறைக்குள் யாரிடமோ சிரித்துப் பேசினான். பச்சைக் கட்டம் அவன் முகத்தில் நிற்காமல் பின்னால் இருந்த இருட்டுக்குத் தாவியது.

அவனுக்குப் போன் செய்தாள். திரையைப் பார்த்த அவன் குழம்பினான். எடுத்தான். ஆனால் போனில் பேசவில்லை. தலையைத் திருப்பி, மனைவியிடம் மட்டுமே பேசும் அந்தக் கேலிக் குரலில் சொன்னான்:

"ஏய், போனைக் குளத்துல விட்டுட்டு வந்துட்டியா? உன் நம்பர்லேருந்து யாரோ கூப்பிடறாங்க."

சந்தேகம் எல்லாம் ஒரே நொடியில் வடிந்து போனது. அதற்குப் பதில் வந்தது பயம்.

"நான்தாங்க. நான் இங்க குளத்துல இருக்கேன். வெளிய வந்துடுங்க."

"யாருங்க நீங்க?"

திரைச்சீலை அசைந்தது. அவன் தோளுக்கு மேல் ஒரு முகம்.

அவளுடைய முகம்.

அவள் இப்போது போட்டிருக்கும் அதே சட்டை. முடியிலிருந்து சொட்டும் தண்ணீர்.

ஈரக் கை ஒன்று அவன் கழுத்தைச் சுற்றி வந்தது. அவன் சிரித்துக்கொண்டே அதைத் தட்டிக் கொடுத்தான். அவன் தோளில் முகவாயைப் பதித்து, அது குளத்தைத் தாண்டி நேராக நாணலைப் பார்த்தது.

பச்சைக் கட்டம் அந்தக் கண்ணில் நின்றது. கண் இமைக்கவே இல்லை.